டெல்லியில் பத்து நாளாகச் சூரியனைக் காணோம். ஜனவரியில் நம் நாட்டில் நல்ல வெயில் எங்கே?

யமுனைக்கரை | ஜனவரி 2, காலை 10:40

அப்பாவுக்கு 74 வயது. தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். ஊர் வீட்டில் மராமத்து வேலை நடப்பதால் நவம்பரில் எங்களோடு மயூர் விஹாருக்கு வந்தார். டிசம்பர் பாதி வரை பிரச்சினை இல்லை. இப்போது பத்து நாளாக வானம் சாம்பல். எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி மத்தியானம் ஒரு மணிக்குத்தான் தெரிகிறது.

தினமும் காலையில் குல்லா, மஃப்ளர், ஸ்வெட்டர் எல்லாம் போட்டுக்கொண்டு, தோளில் ஒரு துண்டோடு பால்கனிக்குப் போகிறார். ஐந்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வருகிறார். அந்தத் துண்டு எதற்கு என்று நேற்றுதான் கேட்டேன். "வெயில் வந்தா தலையில போட்டுக்கலாம்னு" என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

8ஆம் தேதியிலிருந்து பத்து நாள் லீவு கிடைக்கும். எங்காவது கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். வெயில் நிச்சயமாக இருக்க வேண்டும். மூட்டுவலி இருப்பதால் மலை ஏற முடியாது. வைட்டமின் டி குறைவு என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், அது தனி. எங்கே போகலாம்?

---

பனங்காட்டுநரி | ஜனவரி 2, 10:52

ராஜஸ்தான். அடுத்த கேள்வி?

---

நெல்லைச்சீமை | ஜனவரி 2, 11:15

வீட்டில் மராமத்து நடந்தால் என்ன, தூத்துக்குடியிலேயே ஒரு ரூம் போடுங்கள். நம் ஊர் வெயிலை விட்டுவிட்டு வேறு எங்கே போய் வெயில் தேடுவது? திருப்பதி போய் மொட்டைக்கு ஆள் தேடிய கதையாக இருக்கிறது.

---

வானிலைப்பித்தன் | ஜனவரி 2, மதியம் 1:30

நெல்லைச்சீமை அண்ணாச்சி, அது ஏப்ரலுக்குச் சரி. மார்கழிக்குச் சரிப்படாது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு கடையைக் கட்டிவிடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை உங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது 17, 18 தேதி. சில வருஷம் பொங்கல் வரைக்கும் மேகம் கலையாது.

காரணம் எளிதுதான். குளிர்காலத்தில் நாடு முழுக்க வடகிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. நம் கிழக்குக் கரைக்கு வருவதற்கு முன் அது வங்காள விரிகுடாவைத் தாண்டி வர வேண்டும். வழியில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம் தலையில் மேகமாக இறக்கிவிடுகிறது. மேற்குக் கரைக்கு அதே காற்று நிலத்தின் மேல் வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகும், காயும். அதனால்தான் டிசம்பரில் சென்னைக்காரன் குடையோடு அலையும்போது மங்களூர்க்காரனுக்கு வியர்க்கிறது.

டெல்லி கதை வேறு. கங்கைச் சமவெளியில் காற்றே அசையாது. நீர்ப்பாசன வயல்களின் ஈரம், இரவில் தரை குளிர்வது, மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் உட்காருவது, அதற்குள் ஊர்ப் புகை. இந்த மூடி பஞ்சாபிலிருந்து பீகார் வரைக்கும் ஒரே வெள்ளைப் போர்வை. செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள், இமயமலை அடிவாரத்தில் கோடு கிழித்தாற்போல் நிற்கும்.

---

டேராடூன்தமிழச்சி | ஜனவரி 2, 2:05

அந்தக் கோட்டுக்கு மேலேதான் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்காருகிறேன்! கீழே பனிமூட்டமாக இருக்கும். காரில் ஒரு மணி நேரம் ஏறினால் முசௌரியில் கண் கூசும் வெயில். 2000 மீட்டர் உயரம், மூடிக்கு மேலே வந்துவிடுகிறோம். ஷாலைக் கழற்றிவிட்டு நிலக்கடலை உரித்துக்கொண்டு கீழே பார்த்தால் பஞ்சுக் கடல். ஜனவரியில் சில நாள் டெல்லி பகலைவிட சிம்லா பகல் சூடு என்று செய்தி வருமே, அது வேடிக்கைக்குச் சொல்வது இல்லை.

ஆனால் மேற்கத்தியக் கலக்கம் ஒன்று வந்தால் போச்சு. பனி, மழை, கரண்ட் கட். மூட்டுவலிக்காரருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன், சும்மா ஆசை காட்டினேன்.

---

யமுனைக்கரை | ஜனவரி 2, 3:20

ஆசை காட்டியதற்கு நன்றி அக்கா :) மேற்கத்தியக் கலக்கம் என்றால்?

---

வானிலைப்பித்தன் | ஜனவரி 2, 3:48

மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் காற்றழுத்தக் குலைவு. குளிர்காலத்தில் மாசத்துக்கு நாலைந்து வரும். காஷ்மீர், இமாச்சல், பஞ்சாப், ஹரியானா, வட ராஜஸ்தான் வரை மேகமோ மழையோ கொடுக்கும். ராஜஸ்தானில் இந்த மழையை மாவட் என்பார்கள், கோதுமைக்கும் கடுகுக்கும் அமிர்தம். அதனால் பனங்காட்டுநரி "ராஜஸ்தான்" என்று ஒரே சொல்லில் முடித்தது பாதிதான் சரி. ஸ்ரீகங்காநகர் பக்கம் போனால் டெல்லி மாதிரியே பனிமூட்டத்தில் மாட்டுவார். ஜெய்சல்மேர், ஜோத்பூர், பாட்மேர் பரவாயில்லை. எவ்வளவு தெற்கே, எவ்வளவு மேற்கே போகிறீர்களோ அவ்வளவு நல்லது.

---

கூரைச்சூரியன் | ஜனவரி 2, இரவு 8:10

நான் சோலார் தகடு மாட்டும் வேலையில் இருப்பவன். எனக்குத் தெரிந்த ஒரு வழி சொல்கிறேன். சுற்றுலா விளம்பரத்தை நம்பாதீர்கள். வெயிலில் காசு பார்ப்பவன் எங்கே கடை விரித்திருக்கிறான் என்று பாருங்கள்.

பட்லா சோலார் பூங்கா, 2245 மெகாவாட், ஜோத்பூருக்கு வடக்கே பாலைவனத்தில். குஜராத்தின் கட்ச் பக்கம் காவ்டாவில் அதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் அளவுக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கர்நாடகத்தில் பாவகடா, 2050 மெகாவாட், வறண்ட தக்காணம். நம் கமுதியில் 648 மெகாவாட் 2016இல் வந்தது. ஆனால் அது வருஷ சராசரியை நம்பிக் கட்டியது, கார்த்திகை மார்கழியை நம்பி இல்லை.

நொய்டாவில் என் அக்கா வீட்டு மாடியில் 3 கிலோவாட் போட்டுக் கொடுத்தேன். நல்ல நாளில் 12 யூனிட் தரும். போன வாரம் ஒரு நாள் 2 யூனிட். அக்கா போன் பண்ணி "தகட்டில் ஏதோ கோளாறு, ஆள் அனுப்பு" என்றாள். ஜன்னல் வழியாக வானத்தைப் பார் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

இன்னொன்று, வெயிலும் சூடும் ஒன்று அல்ல. தகடு குளிர்ந்த காற்றில்தான் நன்றாக வேலை செய்யும், சூடு ஏற ஏற உற்பத்தி குறையும். அப்பாவுக்கு வெயில் வேண்டுமா, கதகதப்பு வேண்டுமா என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

---

மங்களூர்_மணி | ஜனவரி 2, 9:30

இரண்டும் வேண்டும் என்றால் எங்கள் கரைக்கு வாருங்கள் சார். கார்வார், கோகர்ணா, உடுப்பி, மங்களூர், அப்படியே கண்ணூர். ஜனவரியில் நாட்டிலேயே அதிக வெப்பம் பதிவான ஊர் என்று பேப்பரில் வருவதில் பாதி நாள் எங்கள் பக்கம்தான், 35 டிகிரி சாதாரணம். இரவும் 20க்குக் கீழே அபூர்வம். நிஜாமுத்தீனிலிருந்து மங்களா எக்ஸ்பிரஸ் ஏறினால் கொங்கண் வழியாக நேரே இறக்கிவிடும்.

சாப்பாடு பற்றி நான் சொல்லவே வேண்டாம். உடுப்பியில் வந்து அப்பா இட்லிக்குத் தவித்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

---

நெல்லைச்சீமை | ஜனவரி 2, 9:41

உங்கள் சாம்பாரில் வெல்லம் போடுவீர்களே.

---

மங்களூர்_மணி | ஜனவரி 2, 9:44

அண்ணே அது வேறு இழை :)

---

ஷில்லாங்_சுப்பு | ஜனவரி 3, காலை 6:55

யாரும் எதிர்பார்க்காத ஊர் ஒன்று சொல்லட்டுமா? சிரபுஞ்சி.

சிரிக்காதீர்கள். அங்கே கொட்டுவதெல்லாம் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. ஜனவரியில் வானம் கழுவிவிட்ட மாதிரி நீலம். போன ஜனவரி போனபோது பெண்கள் குடத்தோடு தண்ணீருக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பாடப் புத்தகத்தில் படித்த ஊர் இதுதானா என்று டிரைவரிடம் இரண்டு தடவை கேட்டேன். பகல் வெயில் இதம், ஆனால் மாலை நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அப்புறம் குளிர். இதுவும் மலைதான், அதனால் உங்கள் அப்பாவுக்கு ஆகாது. தகவலுக்காக.

---

வானிலைப்பித்தன் | ஜனவரி 3, 9:20

சுப்பு சொல்வது சரி. கிழக்கில் பொழுது சீக்கிரம் சாய்வதுபோல மேற்கில் நேர்மாறு. கட்சில் ஜனவரியில் விடிய ஏழரை ஆகும், ஆனால் மாலை ஆறேகால் வரை வெயில். கடிகாரம் ஒன்று, சூரியன் ஒன்று. பத்து மணிக்கு எழுந்து வெயிலில் உட்காரும் ஆளுக்கு மேற்கு கட்டுப்படியாகும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலில் சூரியன் டெல்லியில் 38 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். கட்சில் இருக்கும் புஜ் 43, உடுப்பி 53, தூத்துக்குடி 58. ஜனவரி நடுவில் இதோடு இரண்டு டிகிரி கூட்டிக்கொள்ளலாம். நம் நிழல் நம்மைவிட நீளமாக இருக்கும்வரை தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் கம்மி என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அதன்படி டெல்லியில் வெயில் அடித்தாலும் இப்போது மத்தியானத்திலேயே நிழல் உங்களைவிட நீளம். புஜ்ஜில் ஏறக்குறைய சமம். உடுப்பியில் முக்கால் ஆள். கதிருக்காகப் போவதென்றால் மணி சொல்வதுதான் சரி. மேகமில்லாத வானத்துக்காக என்றால் கட்ச். மாத்திரை எப்படியும் தொடரட்டும்.

சூரியனை வேலையாகவே பார்ப்பவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதும் சுவாரசியம். கொடைக்கானல் வானாய்வகம் 1899இல் வந்தது. 1970களில் உதய்பூரில் ஃபதே சாகர் ஏரிக்கு நடுவே ஒரு தீவில் சூரிய ஆய்வகம் கட்டினார்கள். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் தரை சூடாகிக் காற்று அலையாது, சூரியன் நடுங்காமல் தெரியும். கூரைச்சூரியன் சொன்ன அதே தர்க்கம்தான்.

---

ஹம்பி_ஹரி | ஜனவரி 3, 11:00

தக்காணத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஹம்பி, விஜயபுரா, சோலாப்பூர். பகல் 30, இரவு 15, வானம் சுத்தம். பாறை மேல் உட்கார்ந்தால் கீழேயிருந்தும் வெயில் அடிக்கும்.

---

காந்திதாம்வாசி | ஜனவரி 3, மதியம் 12:35

யமுனைக்கரை, உங்கள் அப்பா உப்பளத்து ஆள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் பதினெட்டு வருஷமாக காந்திதாமில், கப்பல் சரக்கு வேலை. நாட்டு உப்பில் முக்கால் பங்குக்கு மேல் குஜராத்திலிருந்து போகிறது, அதில் எங்கள் பக்கத்துப் பங்கு பெரிசு.

தூத்துக்குடியில் ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து, தை பிறந்த பிறகுதானே பாத்தியைச் சரிபண்ண இறங்குவார்கள்? இங்கே அக்டோபரிலேயே இறங்கிவிடுவார்கள். தென்மேற்கு மழை போனதோடு சரி, அடுத்த ஜூன் வரை அனேகமாக ஒரு சொட்டு கிடையாது. வருஷ மழையே நாற்பது சென்டிமீட்டரை ஒட்டித்தான். சின்ன ரண் என்ற உப்புப் பாலைவெளிக்குள், உப்பு விளைவிக்கும் அகரியா மக்கள் குடும்பத்தோடு போய்க் குடிசை போட்டு, பூமிக்கடியிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்தி கட்டுகிறார்கள். முன்பு டீசல் மோட்டார், இப்போது நிறைய பேர் சோலார் பம்ப். ஆக, வெயிலை நம்பி இறைத்து, வெயிலை நம்பிக் காய்ச்சுகிறார்கள். எட்டு மாசம் வானம் ஏமாற்றாது என்று தெரியாமல் எவனாவது குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அங்கே போவானா?

ராத்திரி குளிரும், மறைக்க மாட்டேன். நலியா என்ற ஊர் குஜராத்திலேயே அதிகம் குளிரும் இடம், சில நாள் 5, 6 டிகிரிக்குப் போகும். அங்கே தங்காதீர்கள். புஜ்ஜில் பத்தை ஒட்டி இருக்கும். மாண்ட்வி கடற்கரை கொஞ்சம் இதம். பகல் 26, 27.

ரண் உத்சவத் திருவிழாக் கூடாரங்களுக்குப் போக வேண்டாம். விலையும் அதிகம், இரவில் காற்றும் அதிகம். பெரியவருக்கு மாண்ட்விதான்.

---

மங்களூர்_மணி | ஜனவரி 3, 1:10

மூட்டுவலி உள்ளவரைப் பத்து டிகிரியில் படுக்க வைப்பீர்களா? இது என்ன சிபாரிசு.

---

காந்திதாம்வாசி | ஜனவரி 3, 1:25

டெல்லியில் இப்போது அவர் படுப்பது எத்தனை டிகிரியில் சார்? அங்கே பகலும் பதிமூன்று. இங்கே இரவு மட்டும்தான், அதற்கு ரஜாய் என்ற பஞ்சுப் போர்வை உண்டு. ஈரம் இல்லாத குளிர் மூட்டுக்கு அவ்வளவு பண்ணாது என்பது என் அம்மாவின் அனுபவம். மருத்துவ ஆலோசனை இல்லை.

---

யமுனைக்கரை | ஜனவரி 3, இரவு 10:15

எல்லோருக்கும் நன்றி. என் மனசு உடுப்பியில்தான் இருந்தது, மங்களாவில் இடம் கூடப் பார்த்துவிட்டேன். சாப்பிடும்போது இந்த இழையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோகர்ணா, கார்வார் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். காந்திதாம்வாசி எழுதியதை வாசித்ததும் சாப்பிட்ட கையோடு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அக்டோபர்லயே எறங்கிருவானா?"

பிறகு அரை மணி நேரம் கேள்வி. பாத்திக்குத் தரை களிமண்ணா, மணலா? தெப்பம் (உப்புத் தண்ணீரைத் தேக்கும் குளம்) எத்தனை? பூமித் தண்ணீர் எத்தனை டிகிரி? (அது வெப்பம் இல்லை, உப்புத் தண்ணீரின் அடர்த்தி அளக்கும் போமே டிகிரி. எனக்கே இன்றுதான் தெரியும்.) நவம்பரிலிருந்து அவர் இவ்வளவு பேசிப் பார்க்கவில்லை.

ஆக, கட்ச். மணி சார், மன்னிக்கணும். அடுத்த வருஷம் உடுப்பி.

---

மங்களூர்_மணி | ஜனவரி 3, 10:31

உப்புக்குத் தோற்றதில் வருத்தமில்லை. சூடான தண்ணீர்ப் பை ஒன்று எடுத்துப் போங்கள்.

---

காந்திதாம்வாசி | ஜனவரி 3, 10:50

களிமண். மற்ற கேள்விகளை நேரில் கேட்கச் சொல்லுங்கள், உப்பளத்தில் தெரிந்த முக்காதம் (மேஸ்திரி) இருக்கிறார். இந்தி கொஞ்சம் வந்தால் போதும்.

---

யமுனைக்கரை | ஜனவரி 14, இரவு 9:05

மாண்ட்வியிலிருந்து எழுதுகிறேன். கேட்டவர்களுக்காக.

ரயில் பனிமூட்டத்தால் ஐந்து மணி நேரம் தாமதம். ஜெய்ப்பூர் வரை ஜன்னலில் ஒன்றும் இல்லை, பால் கண்ணாடி மாதிரி. அபு ரோடு தாண்டித்தான் கண்ணாடியில் முதல் வெயில் விழுந்தது. அப்பா கீழ் பெர்த்தில் அந்த வெயில் பட்டையைத் தொடர்ந்து நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார். ரயில் வளையும்போது எதிர் சீட்டுக்கு மாறினார். அங்கிருந்த குஜராத்தி அம்மா பேசாமல் இடம் விட்டுக் கொடுத்தார்.

இந்த நாலு நாளில் மேகம் என்று பார்த்தது ஒரு காலை மட்டும், மெல்லிசு வெள்ளைக் கீற்று. பதினொன்றரைக்குக் கலைந்துவிட்டது. இரவு குளிர்தான், மறுக்கவில்லை. முதல் நாள் அப்பா தூங்கவில்லை. இரண்டாம் நாள் விடுதியில் இன்னொரு ரஜாய் கேட்டு வாங்கினோம், தண்ணீர்ப் பையும் வேலை செய்தது. காலை ஒன்பதரைக்கு மேல் ருக்மாவதி ஆற்றங்கரையில் மரக்கப்பல் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறார். துண்டு தலையில்.

இன்று உத்தராயண். ஊரே மொட்டை மாடியில் பட்டம் விடுகிறது. நல்ல வெயிலும் காற்றும். அப்பா பட்டத்தைப் பார்க்கவில்லை, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். "இந்தக் காத்துக்கு இன்னைக்கு நல்லா காயும்" என்றார்.

நாளை காந்திதாம்வாசி காரோடு வருகிறார்.

---

டேராடூன்தமிழச்சி | ஜனவரி 14, 9:40

பொங்கல் வைத்தீர்களா?

---

யமுனைக்கரை | ஜனவரி 14, 9:52

விடுதிச் சமையல்காரரிடம் கெஞ்சி குக்கரில் ஒரு பொங்கல். முந்திரி கிடைத்தது, ஏலக்காய் மறந்துவிட்டேன்.

---

காந்திதாம்வாசி | ஜனவரி 15, இரவு 8:20

பெரியவர் எங்கள் முக்காதத்தை ஒரு வழி பண்ணிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்து போய், குனிந்து ஒரு கல்லு உப்பை எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, வாயில் போட்டார். "கசப்பு இருக்கு. தாய்த் தண்ணிய இன்னும் முன்னாலயே வடிக்கணும்" என்றார். (உப்பு விளைந்த பின் பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீர்தான் தாய்த் தண்ணீர்.) நான் இந்தியில் சொன்னேன். முக்காதம் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு அடுத்த பாத்திக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு கல்லு. அதற்கடுத்த பாத்தி. ஒன்றரை மணி நேரம். நானும் யமுனைக்கரையும் கார் நிழலில் உட்கார்ந்து தேங்காய் பர்பி தின்றோம்.

---

கூரைச்சூரியன் | ஜனவரி 15, 8:45

மூட்டுவலி?

---

யமுனைக்கரை | ஜனவரி 15, 9:10

இரவு தைலம் தேய்த்துக்கொண்டே "லீவை நாலு நாள் நீட்ட முடியுமா?" என்று கேட்டார். அதுதான் பதில்.

---

பனங்காட்டுநரி | ஜனவரி 15, 9:12

முதல் நாளே சொன்னேன், ராஜஸ்தான்.

---

வானிலைப்பித்தன் | ஜனவரி 15, 9:13

தம்பி, அது குஜராத்.